பதினேழாம் இலக்கச் சாப்பாடு

அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நான் ஏதாவது எழுதித்தர வேண்டும் என்று முதலாளி அண்ணை பிடிவாதமாக நிற்கிறார். இயந்திரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது சண்டித்தனம் செய்தால் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதை ஒருவருக்கும் சொல்லித்தர மாட்டார். தாள், மை, வெட்டும் அளவு எல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். பதினெட்டு வருடம் நான் அந்த ஜன்னலோர மேசையில் இருந்து செய்தது பிழை பார்க்கிற வேலை. பிழை பார்த்தவள் விட்ட பிழைகளைப் பற்றி எழுதினால்தான் உங்களுக்குப் பிரயோசனம் என்று நினைக்கிறேன். அண்ணைக்கும் அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரின் வில்லரேப் பகுதியில் இந்தக் கடையைத் திறந்தபோது கலியாண அட்டையும் சாமத்திய வீட்டு அழைப்பிதழும் அடித்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று அண்ணை நினைத்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் சீனக் கடைக்காரர்கள். அவர்கள் சீனத்தில் நினைத்ததைக் கணினியிலோ தொலைபேசியிலோ போட்டு ஆங்கிலமாக்கி எங்களிடம் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் அதற்குப் பிரெஞ்சும் சேர்த்து அடித்துக் கொடுப்போம். இந்த ஊரில் பிரெஞ்சு எழுத்து ஆங்கிலத்தைவிடச் சிறிதாக இருந்தால் சட்டப்படி வில்லங்கம். அண்ணை பயந்த சுபாவம். பிரெஞ்சை எப்போதும் ஒரு சுற்றுப் பெரிதாகவே போடச் சொல்வார். இதனால் எங்கள் கடையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு பிழையும், பிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போனது.

என்னுடைய முதல் வருடத்தில் ஒரு சீன மரக்கறிக் கடைக்காரர், நிலம் கழுவும்போது வைக்கிற மஞ்சள் பலகைக்கு வாசகம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் ‘கவனமாக வழுக்கவும்’ என்று இருந்தது. வாடிக்கையாளர் தந்ததைத் தொடக்கூடாது என்பது அப்போது அண்ணையின் சட்டம். நான் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தக் கடையில் ஒரு பெரியவர், தள்ளுவண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக மெல்ல நீட்டி நீட்டி வழுக்கிக்கொண்டு போனாராம். கடைக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தபோது, “உங்கள் பலகை சொன்னபடிதானே செய்கிறேன்” என்றாராம். கடைக்காரர் அந்தப் பெரியவரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பலகையை எங்களிடம் கொண்டுவந்து போட்டார்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. சீனத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவதில்லை. அந்த நாலு எழுத்தை ஓரிடத்தில் பிரித்தால் ‘கவனம், நிலம் வழுக்கும்’. இன்னோரிடத்தில் பிரித்தால் ‘கவனமாக வழுக்கு’. கணினி பிழையான இடத்தில் பிரித்துவிட்டது. நாங்கள் சிரிக்க ஏலாது. பலகாரம் என்று சேர்த்து எழுதினால் இனிக்கும். பல காரம் என்று பிரித்துவிட்டால் தண்ணீர் தேட வேண்டும்.

அடுத்து ஒருவர் தன் கடையைத் திருத்தும்போது கதவில் ஒட்டக் கேட்ட வாசகம்: ‘மரண தண்டனை நடைபெறுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ வேலையை நிறைவேற்றுவதற்கும் தண்டனையை நிறைவேற்றுவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். யோசித்துப் பார்த்தால் தமிழிலும் அப்படித்தான். இதை நான் பிடித்துவிட்டேன். அன்றைக்கு அண்ணை தன் சட்டத்தை மாற்றி, ஒரு சிவப்புப் பேனையை என் கையில் தந்தார். “இனி நீ பார்த்துத் திருத்து வசந்தி” என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

சிவப்புப் பேனை கையில் வந்த நாளிலிருந்து நான் எழுத்தை வாசிப்பதை விட்டுவிட்டுப் பிழையை மட்டும் வாசிக்கத் தொடங்கினேன். உங்களுக்கும் இது வரும். நல்ல பிழையாக அகப்பட்டால் அதைக் கத்தரித்து என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டுவேன். ஊரில் இருந்து ஆட்கள் வந்தால் அண்ணை அந்தச் சுவரைத்தான் முதலில் காட்டுவார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன பயன்?

இப்படி நான் கொடிகட்டிப் பறந்த காலத்தில்தான் மேய் வந்தாள்.

பெயரை வேலைச்சீட்டில் எழுதும்போதே எனக்குச் சிக்கல். ஒற்றைக் கொம்பு போட்டால் மெய். உண்மை என்று அர்த்தம். இரட்டைக் கொம்பு போட்டால் மேய். மாட்டுக்குச் சொல்கிற மேய். நாலு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சந்தேகமே இல்லை, இரட்டைக் கொம்புதான். கணவருடைய பெயர் வாங். அண்ணை சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

“மனிசன் வாங், மனிசி மேய். சாப்பாட்டுக் கடைக்கு இதைவிட நல்ல பேர் எங்ககா கிடைக்கும்? வாங், மேய்!”

அண்ணை மட்டக்களப்பு. அவருடைய பகிடிக்கு அவரே முதலில் சிரிப்பார். மேயும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தாள்.

மேயும் நானும் பேசிய மொழி பிரெஞ்சு. குடியேறி வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்துகிற வகுப்பில், வேறு வேறு வருடங்களில் ஆளுக்கு நாலு மாதம் படித்தது. நாலு மாதத்தில் நிகழ்காலம்தான் முடியும். இறந்தகாலத்துக்கு வருவதற்கு முன்பே இருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஆகவே எங்கள் பேச்சில் நேற்றும் வருகிறோம், நாளையும் வருகிறோம். அது ஒரு குறையாக எங்களுக்குத் தெரியவில்லை.

“என் கணவர் பன்னிரண்டு வருடம் வேறு ஊரில் சமைக்கிறார்” என்றாள் மேய். “மற்ற ஆட்களின் அடுப்பு. மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருகிறார். நான் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிறேன். மகளை வளர்க்கிறேன். இப்போது மகள் ரொறன்ரோவில் படிக்கிறாள். இப்போது நாங்கள் ஒரு கடை. அவர் அடுப்பு. நான் மேசை. வெள்ளிக்கிழமை திறக்கிறோம்.”

கொண்டுவந்திருந்த தாளில் நாற்பது சாப்பாடுகளின் பெயர் இருந்தது. இடப்பக்கம் சீனம். வலப்பக்கம் ஆங்கிலம். மகள் விட்டுப்போன பழைய தொலைபேசியை ஒவ்வொரு சீனப் பெயருக்கும் நேரே பிடித்து, திரையில் வந்த ஆங்கிலத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கையால் எழுதியிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துகளின் வடிவம் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எனக்கு உதவியாக ஒரு படமும் கீறியிருந்தாள். மாடு, கோழி, பன்றி, மீன். மாட்டுக்கும் பன்றிக்கும் வித்தியாசம் வாலில்தான் இருந்தது.

அவள் போனதும் வாசித்தேன். முதலாம் இலக்கம்: ‘கணவன் மனைவி நுரையீரல் துண்டுகள்.’

சத்தியமாகச் சொல்கிறேன், வாயிலிருந்த தேநீர் மேசை முழுக்கத் தெறித்தது. இரண்டாம் இலக்கம் ‘எச்சில் கோழி.’ நாலாம் இலக்கம் ‘மரத்தில் ஏறும் எறும்புகள்.’ சுவரில் ஒட்ட இவ்வளவும் ஒரே நாளில் கிடைத்ததே என்று எனக்கு ஆனந்தம். அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு சிவப்புப் பேனையை எடுத்தேன். கணவனை வெட்டினேன். மனைவியை வெட்டினேன். நுரையீரலை வெட்டினேன். பக்கத்தில் கீறியிருந்த மாட்டைப் பார்த்து ‘காரச் சாற்றில் மாட்டிறைச்சி’ என்று எழுதினேன். எச்சிலைத் துடைத்துவிட்டுக் காரக் கோழி ஆக்கினேன். எறும்புகளை மரத்திலிருந்து இறக்கி, ‘கொத்திறைச்சி நூடில்ஸ்’ என்று போட்டேன். பதினேழாம் இலக்கத்துக்கு வந்தபோது மட்டும் பேனை நின்றது. அங்கே ‘இணைப்புக் கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மிருகம் ஒன்றும் இல்லை. வெறும் சதுரம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேயிடம் கேட்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

அந்தக் கேள்விக்குறியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் பதினெட்டு வருட வேலையில் நான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அதை நானே கெடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் மேய் அவசரமாக வந்து, நான் பதினேழைப் பற்றிக் கேட்பதற்குள் மாதிரி அச்சை எடுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. மாதிரி அச்சை என் மேசையில் விரித்து, முதல் வரியில் விரலை வைத்தாள்.

“இங்கே கணவன் இல்லை. மனைவி இல்லை. எங்கே?”

“அது பிழை, மேய். நான் திருத்துகிறேன். கணவன் மனைவியின் நுரையீரலை யாராவது சாப்பிடுகிறார்களா?”

“பிழை இல்லை. அது பெயர்.”

பிறகு அவள் நிகழ்காலத்திலேயே முழுக் கதையையும் சொன்னாள். பழைய காலத்தில் ஒரு கணவன், ஒரு மனைவி. தெருவில் மாட்டிறைச்சி விற்கிறார்கள். மற்றவர்கள் எறிகிற துண்டுகள்: நாக்கு, குடல், இதயம். கழிவுத் துண்டுகள். இரண்டு பேரும் சேர்ந்து அதை மிகவும் ருசியாகச் செய்கிறார்கள். ஊர் முழுக்க வருகிறது. கழிவு என்ற பெயர் சாப்பாட்டுக்கு அழகில்லை. சீனத்தில் கழிவுக்கும் நுரையீரலுக்கும் ஒரே சத்தம். ஆகவே பெயரை நுரையீரல் என்று மாற்றுகிறார்கள். என் சிவப்புப் பேனையை வாங்கி, இரண்டு சீன எழுத்தை மேசையில் எழுதிக் காட்டினாள். இரண்டையும் வாசித்தாள். “ஃபெய்” என்றாள். மறுபடியும் “ஃபெய்” என்றாள். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.

“நுரையீரல் உள்ளே இருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்லை. நுரையீரல் இல்லை. கணவன் மனைவி இருக்கிறார்கள்.”

விஷயம் என்னவென்றால், கடைக்கு எந்தச் சாப்பாட்டை முதலாவதாகப் போடுவது என்பதை வாங்தான் முடிவு செய்திருந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். பன்னிரண்டு வருடம் பிரிந்திருந்த மனைவிக்கு அவர் சொல்ல நினைத்ததை மெனுவின் முதல் வரியில் வைத்திருந்தார். குடிவரவுப் படிவங்களை நிரப்பி நிரப்பி அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் கணவன், மனைவி என்ற இரண்டும்தான். மாதிரி அச்சில் ஆசையோடு அந்த இரண்டையும் தேடியிருக்கிறார். இல்லை. மேய் எடுத்துவிட்டாள் என்று நினைத்து அவளைக் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதைச் சரியாகக் கவனிக்காமல், கதவுக்குப் பூச்சுப் பூசிக் களைத்திருந்த மேய், “நாற்பதில் ஒன்று போனால் என்ன?” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இவளும் விடவில்லை. பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஒரு நல்ல குடும்பத்தை மாட்டிறைச்சிக்காகப் பிரித்துவிட்டேனே! நான் மன்னிப்புக் கேட்டேன். மேய் கையை ஆட்டினாள்.

“எறும்பும் பெயரா?” என்று மெல்லக் கேட்டேன்.

“பெயர். இறைச்சி எறும்பு. நூடில்ஸ் மரம்.”

“எச்சில் கோழி?”

மேய் வாயைத் திறந்து, நாக்கைத் தொட்டு, கண்ணை மூடிச் சுகமாக ஒரு முறை விழுங்கிக் காட்டினாள். அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. எச்சில் ஊறுகிற கோழி! நாங்களும் அதைத்தானே சொல்கிறோம். ஊறும் என்ற ஒரு சொல் வழியில் விழுந்துவிட்டது. மற்ற இரண்டு மொழியையும் ஒதுக்கிவிட்டு நாங்கள் இருவரும் தமிழிலும் சீனத்திலுமாகக் கையைக் காட்டிப் பேசியிருந்தால் இவ்வளவு வில்லங்கம் வந்திருக்காது.

“உங்கள் சாப்பாட்டுக்கு எல்லாம் நேரான பெயரா?” என்று மேய் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து தமிழில் குரல் கொடுத்தார். “பல்லி முட்டையைச் சொல்லுகா! தும்பு முட்டாசைச் சொல்லு!”

இரண்டும் மிட்டாய் என்பதை மட்டும் விட்டுவிட்டு நான் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆசையாகப் பல்லியின் முட்டை வாங்கிக் கொடுக்கிறோம். கோயில் திருவிழாவில் கயிறு திரிக்கிற தும்பைச் சீனியில் செய்து விற்கிறோம். மேயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிறகு சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவளின் கண் என் சுவரில் விழுந்தது. வரிசையாக ஒட்டிய துண்டுகள். எல்லாவற்றிலும் சீன எழுத்து.

“இது என்ன?” என்றாள்.

“மாதிரிகள்” என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் ஒவ்வொன்றாகச் சீனத்தை வாசித்தாள். பிழையாக ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. சீனத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. “நல்ல கடைகள்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மண்ணுக்குள் புதைந்து போகலாம் போல இருந்தது. அன்று பின்னேரமே சுவரிலிருந்த எல்லாவற்றையும் உரித்து எடுத்தேன்.

இனித்தான் உண்மையான பிழை வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

மேயின் தாளில் இருந்த பெயர்களை எல்லாம் பழையபடி போட்டேன். கணவனையும் மனைவியையும் சேர்த்துவைத்தேன். எறும்புகளை மரத்தில் ஏற்றினேன். பதினேழுக்கு வந்தேன். ‘இணைப்புக் கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும்.’ பக்கத்தில் என் கேள்விக்குறி. மேயைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் வெட்கம் விடவில்லை. காலையில்தான் அவளுடைய நாட்டின் பெயர்களை எல்லாம் பிழை என்று வெட்டி அவமானப்பட்டிருக்கிறேன். மறுபடியும் போய் இது என்ன பிழை என்று கேட்பதா? எறும்பு மரத்தில் ஏறலாம் என்றால் இணைப்பு ஏன் கிடைக்காமல் போகக்கூடாது? நீளமான நூடில்ஸாக இருக்கும். இழுக்க இழுக்க அறும். சமையல்காரர் மறுபடி மறுபடி முயல்வார். அந்தச் சதுரம் மாவை உருட்டுகிற பலகையாக இருக்கும். இப்படி ஒரு முழுச் சமையல் குறிப்பையே மனத்தில் எழுதி முடித்துவிட்டு, கேள்விக்குறியை அழித்தேன்.

அதோடு விட்டேனா? ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு நானே மாற்றினேன். நல்ல மொழிபெயர்ப்பு, ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில் போட்டேன்.

புதன்கிழமை மேய் மெனுக்களை எடுக்க வந்தாள். முதல் வரியைத் தடவிப் பார்த்தாள். “நல்லது” என்றாள்.

“வாங் இப்போது பேசுகிறாரா?”

“இல்லை. கணவன் மனைவி திரும்பி வருகிறது என்று எழுதிக் காட்டுகிறேன். தலையை ஆட்டுகிறார். பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.” மெனுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “இப்படி என்றால் அவர் மறுபடியும் வேறு ஊருக்குப் போகிறார்.”

எங்கள் பிரெஞ்சில் எதிர்காலம் இல்லை என்பதால் அவள் சொன்னது, அவர் இப்போதே பெட்டியோடு வாசலில் நிற்கிறார் என்பது போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கூடவே அண்ணை மீது கோபமும் வந்தது. ஒரு காரணமும் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. பின்னணியில் சனங்களின் சத்தம்.

“வசந்தி, நீ வருகிறாய். இப்போதே வருகிறாய். எல்லாரும் பதினேழு கேட்கிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஏன்?”

மெனுவை எடுத்துப் பார்த்தேன். வெளியில் இருந்து சிரிக்கிற ஒருவருடைய கண்ணால் பார்த்த அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அது சாப்பாடு இல்லை. அவள் ஒவ்வொரு பெயராகத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு போனபோது, பதினேழில் சிக்னல் போய்விட்டது. தொலைபேசி சொன்னதை அவள் எழுத்து எழுத்தாக எழுதியிருக்கிறாள். நான் அதை இரண்டு மொழியில் அச்சடித்திருக்கிறேன்.

“அண்ணை, பதினேழு சாப்பாடு இல்லை!”

“அப்ப என்னகா அது?”

“போன்ல சிக்னல் இல்லை எண்டு வாறது!”

அண்ணை வாசித்தார். சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்த முயன்றார். முடியவில்லை. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, “ஓடுகா, ஓடு, மறுகா கதைப்பம்” என்றார். சரியான பெயர் என்னவென்று தெரியாததால் வெறும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒரு கட்டையும் பேனையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு தெரு.

ஆறு மேசையும் நிறைந்திருந்தது. வாசலில் வேறு சிலர் நின்றார்கள். யாரோ மெனுவைப் படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். ஒரு தபால்காரர் என்னைக் கடையில் வேலை செய்பவள் என்று நினைத்துவிட்டார்.

“மதாம், பதினேழு கேட்டேன், இன்னும் வரவில்லை.”

“மீண்டும் முயலுங்கள்!” என்று பக்கத்து மேசையில் இருந்த பெண் கத்தினாள். கடை முழுக்கச் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போனேன்.

வாங்கை அன்றுதான் முதல் தரம் பார்க்கிறேன். முதுகைக் காட்டிக்கொண்டு தோஃபு வெட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாக, சதுரம் சதுரமாக. எனக்கு அந்தப் படம் அப்போதுதான் விளங்கியது. மேய் இலக்கம் எழுதிய துண்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைப்பதும், அவர் அதைப் பார்த்துச் சமைத்துத் தட்டை நீட்டுவதுமாக வேலை நடந்துகொண்டிருந்தது. இருவருக்கும் நடுவே ஒரு சத்தம் இல்லை. கம்பி முழுக்கப் பதினேழு.

மேய் என் கையைப் பிடித்தாள். மெனுவை நீட்டினாள். “இது என்ன சொல்கிறது? உண்மையைச் சொல்.”

உண்மையைச் சொல்வதைவிட வேறு வழி இருக்கவில்லை. “பிழை. பெரிய பிழை. என்னுடைய பிழை. இது சாப்பாடு இல்லை, மேய். தொலைபேசி பேசுகிறது. ‘இணைப்புக் கிடைக்கவில்லை. மீண்டும் முயலவும்’ என்று சொல்கிறது.”

மேய் என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்த வரியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி, கணவருடைய முதுகைப் பார்த்து, அதைச் சீனத்தில் சொன்னாள். நாலு நாளில் அவள் அவருக்குச் சொன்ன முதல் பேச்சு அது.

கத்தி நின்றது. வாங் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒன்று சொன்னார். நாலைந்து சொல்தான் இருக்கும்.

மேய் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சொல்கிறார்?” என்றேன். மானம் போனாலும் பிழை பார்க்கிறவளுக்கு இது தெரிய வேண்டும்.

“சொல்கிறார்...” அவளுக்கு மூச்சு வாங்கியது. “திங்கட்கிழமையிலிருந்து முயல்கிறேன் என்று சொல்கிறார்.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வாங்கின் முதுகு குலுங்கியது. மேய் தரையில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவர் கத்தியை வைத்துவிட்டு வந்து அவளைக் கைகொடுத்துத் தூக்கினார். அடுப்பில் எண்ணெய் புகையத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு அடுப்புக்கு ஓடினார்கள். பிறகு அந்தச் சமையலறையில் எனக்கு இடமே இருக்கவில்லை; அவ்வளவு பேச்சு. நாலு நாள் பாக்கியை மூச்சு விடாமல் பேசினார்கள். நான் வெளியே வந்து, தபால்காரருக்குப் பதினேழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒட்டுத்தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லா மேசையிலும் மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்; சாப்பிடுகிறார்கள்; இன்னொன்று கேட்கிறார்கள். இந்த நேரத்தில் ஒட்டுவது மடைத்தனம் என்று பட்டது. ஒட்டுத்தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நானும் ஒரு கதிரையில் இருந்து பதினேழு கேட்டேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றவர்களுடைய மொழியைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்க முடியாது. ஆனால் சிரித்து முடிந்ததும் போய்க் கேளுங்கள். விளங்காத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். போட்ட கேள்விக்குறியை வெட்கத்துக்காக அழிக்காதீர்கள். மேய் அன்று கெட்டிக்காரி ஆனபடியால் நான் தப்பினேன். எல்லா வாடிக்கையாளரும் மேய் இல்லை.

மெனு ஒரு மாதத்தில் கிழிந்துவிட்டது. புதிதாக அடிக்க மேய் வந்தாள். இந்தத் தரம் நான் ஒரு பின்னேரம் முழுக்க அவளை இருத்தி, நாற்பது சாப்பாட்டுக்கும் நாற்பது கேள்வி கேட்டேன். உள்ளே இல்லாத நுரையீரலை எடுத்துவிட்டுக் கணவன் மனைவியை மட்டும் விட்டோம். கோழிக்கு எச்சில் ஊறவைத்தோம். எறும்புகள் மரத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பதினேழுக்கு வந்ததும் பேனையை எடுத்தேன்.

“இது வீட்டுச் சமையல் தோஃபுதானே? அப்படியே போடுகிறேன்.”

“இல்லை” என்றாள் மேய். “பெயரை மாற்றாதே. இடத்தை மாற்று. வாங் சொல்கிறார்.”

“எந்த இடம்?”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, பதினேழிலிருந்து ஒரு நீண்ட கோடு கீறி மேலே கொண்டுபோய், இரண்டாம் இலக்கத்தில் நிறுத்தினாள். எனக்கு விளங்க வேண்டும் என்று விரலால் மேலிருந்து கீழே இரண்டு வரியையும் தொட்டுக் காட்டினாள்.

கணவன் மனைவி.

இணைப்புக் கிடைக்கவில்லை, மீண்டும் முயலவும்.

சிவப்புப் பேனையைப் பிடித்தபடி திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். நானும் கலியாணம் கட்டி முப்பது வருடமானவள். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.